‘நல்ல உடம்பு’ மலேரியாவைத் தாங்காதா?

கேள்வி: என் கணவருக்கு வயது 46, எடை 97 கிலோ. சில வருடங்களாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். நைஜீரியாவில் லாகோஸ் நகரத்தில் வேலை. விடுமுறைக்கு ஊருக்கு வந்த சில நாட்களில் குளிர்காய்ச்சல் கண்டது. மலேரியா என்றார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்துப் பிழைக்க வைத்தார்கள். அங்கே அவரோடு தங்கியிருக்கும் நண்பர் ஒல்லியான மனிதர். அவருக்கும் போன வருடம் இதே மலேரியா வந்து, மூன்று நாள் மாத்திரையோடு சரியாகிவிட்டது. எடையும் சர்க்கரையும்தான் இவருக்கு நிலைமையை மோசமாக்கின என்கிறார் டாக்டர். என் மாமியாரோ, “நல்ல உடம்பு இருந்ததால்தான் என் பிள்ளை தாங்கினான்” என்கிறார். இதற்கிடையில், வயிற்றில் புழு இருந்தால் சர்க்கரை நோயே வராது என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வேறு வந்தது. உடல் பருமனுக்கும் இந்த ஒட்டுண்ணிகளுக்கும் அப்படி என்னதான் தொடர்பு?
– ஒரு வாசகி, ஆரணி

பதில்: உங்கள் கணவர் நலமாக வீடு திரும்பியதில் மகிழ்ச்சி. டாக்டர், மாமியார், வாட்ஸ்அப் என்று மூன்று தரப்பையும் ஒரே கடிதத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டீர்கள். மூன்று பேர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் உங்கள் கணவரைப் பொறுத்தவரை டாக்டர் சொன்னதே சரி.

மாமியார் சொல்வதை முதலில் பார்ப்போம். அவர் தலைமுறை பார்த்த நோய்கள் வேறு. டைபாய்டு என்றால் வாரக்கணக்கில் காய்ச்சல், காசநோய் என்றால் மாதக்கணக்கில் இளைப்பு. வாய்க்கு எதுவும் இறங்காத அந்த நாட்களில் உடம்பில் சேர்ந்திருந்த கொழுப்புதான் எரிபொருள். ஒட்டிய உடம்புக்காரர் விழுந்துவிடுவார், சதைப்பிடிப்பானவர் எழுந்து உட்காருவார். இதைக் கண்ணால் பார்த்தவர்கள் ‘நல்ல உடம்பு நோயைத் தாங்கும்’ என்று முடிவுகட்டியதில் தவறில்லை.

ஆனால் ஆப்பிரிக்காவில் பரவலாக இருக்கும் ஃபால்சிபாரம் வகை மலேரியா ஆளைப் பட்டினி போட்டுக் கொல்வதில்லை. அது தாக்கும் விதமே வேறு. கிருமி புகுந்த சிவப்பணுவின் மேற்புறத்தில் ஒட்டும் தன்மையுள்ள ஒரு புரதம் முளைக்கிறது. அந்த அணுக்கள் நுண்ணிய இரத்தக் குழாய்களின் உட்சுவரில் போய் ஒட்டிக்கொள்கின்றன. மூளை, சிறுநீரகம், நுரையீரல் என்று எங்கே அடைப்பு விழுகிறதோ அங்கே கோளாறு தொடங்குகிறது. எல்லாம் இரண்டு மூன்று நாட்களுக்குள் நடந்துவிடும். சேமித்த கொழுப்பு உதவிக்கு வருவதற்கு அங்கே நேரமே இல்லை.

தாங்காதது மட்டுமல்ல, பருமன் நிலைமையை மோசமாக்கவும் செய்கிறது. இதற்கு நல்ல சான்று ஸ்வீடனிலிருந்து வந்திருக்கிறது. மலேரியாவே இல்லாத நாட்டிலா என்று நினைக்காதீர்கள். ஆப்பிரிக்கா போய்வந்த பயணிகளுக்கும், அங்கிருந்து குடியேறியவர்களுக்கும் ஃபால்சிபாரம் மலேரியா கண்டதை அந்நாட்டு மருத்துவமனைகள் ஒழுங்காகப் பதிந்து வைத்திருக்கின்றன. 937 பெரியவர்களின் மருத்துவக் குறிப்புகளை ஆராய்ந்து 2017-இல் வெளியிட்டார்கள். நோய் கடுமையாகும் வாய்ப்பு, பருமனானவர்களுக்கு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு இருந்தது. சர்க்கரை உள்ளவர்களுக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு. வயது முதலிய மற்ற காரணங்களைக் கணக்கில் கழித்த பிறகும் நின்ற எண்கள் இவை. பருமனோடு சர்க்கரை, இரத்தக் கொதிப்பு போன்ற இன்னொன்றும் சேர்ந்தவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடியது. உங்கள் கணவரையும் அவர் நண்பரையும் மட்டும் வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. இருவரின் உடம்பிலும் கிருமி எவ்வளவு பெருகியது, எத்தனையாவது நாள் மருந்து தொடங்கியது என்பவையெல்லாம் வேறுபட்டிருக்கலாம். ஆனால் நூற்றுக்கணக்கானவர்களின் குறிப்புகளைச் சேர்த்துப் பார்த்தபோது தெரிந்ததும் உங்கள் டாக்டர் சொன்னதும் ஒன்றுதான்.

கடுமையாவது இருக்கட்டும், சர்க்கரை இருந்தால் மலேரியா தொற்றுவதே கூடுமா? கானா நாட்டின் குமாசி நகரத்தில் 1,466 பெரியவர்களைச் சோதித்தார்கள். முடிவுகள் 2010-இல் வந்தன. இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் உள்ளவர்களின் இரத்தத்தில் ஃபால்சிபாரம் கிருமி இருக்கும் வாய்ப்பு 46 சதவீதம் அதிகமாக இருந்தது. பெரும்பாலானவர்களுக்குக் காய்ச்சலோ வேறு தொந்தரவோ இல்லை, கிருமி மட்டும் இருந்தது. இரத்தச் சர்க்கரை 18 மில்லிகிராம் ஏற ஏற, தொற்றின் வாய்ப்பும் ஏறத்தாழ 5 சதவீதம் வீதம் ஏறிக்கொண்டே போனது.

இதைப் படித்ததும், ‘சர்க்கரை இரத்தம் தித்திப்பு, அதனால் கொசு தேடிவந்து கடிக்கிறது’ என்று யாராவது சொல்லக்கூடும். அது சரியல்ல. கொசு உங்களைக் கண்டுபிடிப்பது நீங்கள் விடும் மூச்சிலுள்ள கரியமில வாயு, உடல் சூடு, தோலின் மணம் ஆகியவற்றை வைத்து. இரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை ஓடுகிறது என்பது கடிக்கும் முன் அதற்குத் தெரிய வழியில்லை. பெண்கொசு இரத்தம் குடிப்பது முட்டை உருவாகத் தேவையான புரதத்துக்காக. பெரிய உடம்பு அதிக மூச்சும் அதிகச் சூடும் விடுகிறது என்பதால் கொசுக்கள் அதன் பக்கம் கொஞ்சம் கூடுதலாக வரலாம், அவ்வளவுதான். வித்தியாசம் பெரிதும் உடம்புக்குள்ளே நடப்பவற்றால் வருகிறது.

உள்ளே என்ன நடக்கிறது? மூன்று காரணங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன.

மலேரியாக் கிருமிக்குச் சேமிப்புப் பழக்கம் இல்லை. சிவப்பணுவுக்குள் இருக்கும்போது, இரத்தத்திலிருந்து அவ்வப்போது வரும் குளுக்கோஸைக் கொண்டே பிழைக்கிறது. கிருமி குடியேறிய சிவப்பணு, சாதாரண அணுவைவிடப் பல மடங்கு குளுக்கோஸை இழுக்கிறது. அப்படிப்பட்ட கிருமி, தான் தங்கியிருக்கும் உடம்பில் சாப்பாடு எப்படி இருக்கிறது என்பதைக் கவனிக்கிறதா? கவனிக்கிறது என்று லிஸ்பன் ஆய்வாளர்கள் 2017-இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். எலிகளுக்கு உணவைக் குறைத்தபோது, அவற்றின் உடலில் மலேரியாக் கிருமி மெதுவாகப் பெருகியது. ‘கின்’ என்ற ஒரு நொதி – நொதி என்றால் உடலின் வேதிவினைகளை நடத்திவைக்கும் புரதம் – கிருமிக்குள் இந்த உணவு நிலவரத்தை உணர்ந்து பெருக்கத்தைக் குறைக்கிறது என்று கண்டார்கள். அந்த நொதி இல்லாத கிருமிகளால் அப்படிக் குறைத்துக்கொள்ள முடியவில்லை.

மனிதர்களிடம் இதற்கு ஒரு பழைய தடயம் உண்டு. 1970-களில் நைஜர் நாட்டில் பெரும் பஞ்சம். எலும்பும் தோலுமாக வந்தவர்களை மருத்துவமனையில் சேர்த்து உணவு கொடுத்தார்கள். அதுவரை அடங்கிக்கிடந்த மலேரியா, சாப்பிடத் தொடங்கிய சில நாட்களில் அவர்களில் பலருக்குக் கிளம்பியது. அங்கே பணியாற்றிய டாக்டர் முர்ரேயும் குடும்பத்தினரும் 1975-இல் லான்செட் இதழில் இதை எழுதினார்கள். இதைக் கேட்டுவிட்டு, மலேரியாவுக்குப் பட்டினி மருந்து என்று தயவுசெய்து யாரும் முடிவுகட்ட வேண்டாம். ஊட்டமில்லாத குழந்தைகள்தான் மலேரியாவில் அதிகம் இறக்கிறார்கள். இங்கே நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றே: உடம்பின் உணவு நிலையும் கிருமியின் பெருக்கமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன.

அடுத்த காரணம் காவல் அணுக்களைப் பற்றியது. சர்க்கரை நீண்ட நாள் கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால், வெள்ளை அணுக்களில் நியூட்ரோஃபில் எனப்படும் முன்வரிசை அணுக்கள் மந்தமாகின்றன. தொற்று இருக்கும் இடத்துக்கு நகர்ந்து போவதிலும், கிருமியை விழுங்கி அழிப்பதிலும் அவற்றின் திறமை குறைகிறது. சர்க்கரைக்காரருக்குக் காலில் பட்ட சிறு காயம் ஆறாமல் இழுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது காரணத்தைத்தான் நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். உடம்புக் கொழுப்பு என்றால் சும்மா கிடக்கும் மூட்டை என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோம். 1994-இல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் குழு, லெப்டின் என்ற ஹார்மோனின் மரபணுவைக் கண்டுபிடித்தது. அதைச் சுரப்பது கொழுப்பு அணுக்கள். ‘போதும், இருப்பு நிறைய இருக்கிறது’ என்று மூளைக்குத் தகவல் சொல்வது அதன் வேலை. அதன்பிறகு கொழுப்பை ஒரு சுரப்பியாகவே பார்க்கத் தொடங்கினார்கள். அது மூளையோடு மட்டும் பேசவில்லை, நோய் எதிர்ப்பு அணுக்களோடும் ஓயாமல் பேசுகிறது.

கொழுப்பு அணு அளவுக்கு மீறி உப்பும்போது, மேக்ரோபேஜ் எனப்படும் பெருவிழுங்கி அணுக்கள் அதைச் சுற்றிக் கூடுகின்றன. அவை சைட்டோகைன்களை, அதாவது எதிர்ப்பு அணுக்கள் தமக்குள் தகவல் சொல்லிக்கொள்ளும் புரதங்களை, சிறுகச் சிறுக வெளியிட்டுக்கொண்டே இருக்கின்றன. காய்ச்சல் இல்லை, வலி இல்லை, ஆனால் உடம்பு முழுக்க ஒரு மெல்லிய அழற்சி ஓடிக்கொண்டிருக்கிறது. இன்சுலின் இருந்தும் உடல் அணுக்கள் அதற்குச் செவிசாய்க்காத நிலையை இன்சுலின் தடை என்கிறோம். அதற்கு இந்த அழற்சியும் ஒரு காரணம். இரத்தக் குழாயின் உட்சுவரும் இதனால் ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருக்கிறது. கடுமையான மலேரியாவில் கிருமி ஏறிய அணுக்கள் போய் ஒட்டுவது அதே உட்சுவரில். அங்கே சேதம் செய்வது கிருமி மட்டுமல்ல, அதை எதிர்த்து உடம்பே கட்டவிழ்த்துவிடும் சைட்டோகைன் வெள்ளமும்தான். ஏற்கெனவே அழற்சியில் இருக்கும் உடம்பில் இது நேர்ந்தால் என்னவாகும் என்பதற்கு ஸ்வீடன் கணக்கு ஒரு பதில்.

லெப்டினைப் பற்றி இன்னொரு செய்தி. மலேரியாவை விட்டு வேறொரு ஒட்டுண்ணிக்குப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சீதபேதி உண்டாக்கும் அமீபாவை உங்களுக்குத் தெரிந்திருக்கும். டாக்காவின் மீர்ப்பூர் பகுதியில் ஏழைக் குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்துவந்தார்கள். சில குழந்தைகளுக்கு அமீபா மீண்டும் மீண்டும் தொற்றியது, பக்கத்து வீட்டுக் குழந்தைக்கோ தொற்றவே இல்லை. தண்ணீர் ஒன்று, தெரு ஒன்று. ஏன் இந்த வித்தியாசம்? 2011-இல் வெளியான விடை யாரும் எதிர்பாராதது. லெப்டினை வாங்கிக்கொள்ளும் ஏற்பிப் புரதத்தில் ஒரே ஒரு இடத்தில், 223-ஆவது அமினோ அமிலத்தில், மாற்றம் இருந்த குழந்தைகளுக்கு அமீபா தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ 4 மடங்கு அதிகம். லெப்டின் பசியைப் பார்த்துக்கொள்வதோடு குடலின் உட்சுவரையும் காக்கிறது. அதன் குரல் குடல் அணுவுக்குக் கேட்காவிட்டால் அமீபா எளிதாக உள்ளே புகுகிறது. லெப்டின் ஏற்பி இல்லாத எலிகளும் இப்படியே அமீபாவுக்கு எளிதில் இரையாயின.

இந்தக் குழந்தைகள் பருமனானவர்கள் அல்ல என்பதை மறக்க வேண்டாம். ஆனாலும் பருமனைப் பற்றி ஒரு கேள்வியை இது எழுப்புகிறது. பருமனானவர்களின் இரத்தத்தில் லெப்டின் குறைவாக இருக்காது, நிறையவே இருக்கும். நாள் முழுக்கக் குழாய் ஒலிபெருக்கி அலறும் ஆடி மாதத் தெருவில் யாரும் அறிவிப்பைக் காதில் வாங்குவதில்லை அல்லவா? அதுபோல அளவுக்கு மீறிய லெப்டினுக்கு அணுக்கள் பதில் சொல்வதை நிறுத்திவிடுகின்றன. இதற்கு லெப்டின் தடை என்று பெயர். குடலின் காவலும் இதனால் தளர்கிறதா என்பது நியாயமான கேள்வி. மீர்ப்பூர் ஆய்வு அதற்கு நேரடி விடை தரவில்லை, விடை தேட வேண்டிய திசையைக் காட்டியிருக்கிறது.

கொழுப்புக்குள்ளேயே குடியிருக்கும் ஒட்டுண்ணிகளும் உண்டு. 1909-இல் கார்லோஸ் சாகஸ் பிரேசிலில் கண்டுபிடித்த டிரிப்பனோசோமா குரூசி, இதயத்தைப் பாதிக்கும் சாகஸ் நோயை உண்டாக்குகிறது. நெடுநாள் நோயாளிகளின் கொழுப்புத் திசுவிலும் அது பதுங்கியிருப்பதைப் பின்னாளில் கண்டார்கள். ஆப்பிரிக்கத் தூக்க நோயின் ஒட்டுண்ணியும் எலிகளின் கொழுப்பில் பெருந்திரளாகத் தங்கி, அங்கே கொழுப்பு அமிலத்தை எரித்து வாழப் பழகிக்கொள்கிறது என்று லிஸ்பன் ஆய்வாளர்கள் 2016-இல் காட்டினார்கள். உங்கள் கணவருக்கு வந்தது இவை அல்ல. ஒட்டுண்ணிக்குக் கொழுப்பு வெறும் வழியோரக் காட்சி அல்ல என்பதற்காகச் சொன்னேன்.

இனி வாட்ஸ்அப் செய்திக்கு வருவோம். அதற்கு முன் வீட்டுக்கு வீடு இருக்கும் இரண்டு நம்பிக்கைகளை ஒதுக்கிவைத்துவிட வேண்டும். இனிப்புத் தின்றால் வயிற்றில் பூச்சி வரும் என்பது ஒன்று. உருண்டைப் புழுவின் முட்டை மலம் கலந்த மண்ணிலிருந்து கை வழியாக, கழுவாத காய்கறி வழியாக வாய்க்குள் போகிறது. கொக்கிப் புழுவின் குட்டி வெறுங்காலின் தோலைத் துளைத்து ஏறுகிறது. ஜிலேபிக்கும் இவற்றுக்கும் சம்பந்தம் இல்லை. ‘என்ன சாப்பிட்டாலும் உடம்பு ஒட்டவில்லை, பூச்சி இருக்கும்’ என்பது மற்றொன்று. ஒல்லியாக இருப்பவருக்குப் புழு இருக்கலாம், 97 கிலோ உள்ளவருக்கும் இருக்கலாம். கொக்கிப் புழு உறிஞ்சுவது இரத்தத்தை. எடை அப்படியே இருக்க, ஆள் மட்டும் வெளுத்துச் சோர்ந்துபோவார்.

நம் மாநிலத்தில் சர்க்கரையும் புழுவும் ஒரே உடம்பில் சந்திப்பது அபூர்வமே அல்ல. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வின்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். இதே மாநிலத்தில்தான் வேலூர், திருவண்ணாமலை வட்டாரங்களில், உங்கள் ஆரணிக்கு அக்கம்பக்கத்திலேயே, கொக்கிப் புழுவை ஒழிக்க முடியுமா என்று ஊர் ஊராக மருந்து கொடுத்துப் பெரிய ஆய்வு நடந்தது.

புழு இருந்தால் சர்க்கரை வராது என்பதற்கு ஆதாரம் போலத் தோன்றும் ஒரு முக்கியமான ஆய்வும் சென்னையிலிருந்தே வந்தது. சென்னை மக்களிடம் நடந்த பெரிய சர்க்கரை நோய் ஆய்வில், யானைக்கால் நோய்ப் புழு எத்தனை பேரிடம் இருக்கிறது என்றும் பார்த்தார்கள். முடிவு 2010-இல் வந்தது. சர்க்கரை இல்லாதவர்களில் 10.4 சதவீதம் பேரிடம் புழுவின் அடையாளம் இருந்தது. சர்க்கரை புதிதாகக் கண்டறியப்பட்டவர்களில் 5.7 சதவீதம், ஏற்கெனவே சிகிச்சையில் இருந்தவர்களில் 4.3 சதவீதம்.

இந்த எண்களை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மூன்று விதமாகக் கதை சொல்லலாம். புழு சர்க்கரையைத் தடுக்கிறது என்று சொல்லலாம். சர்க்கரை வந்த உடம்பு புழுவுக்கு ஒத்துவரவில்லை என்று சொல்லலாம். சர்க்கரை வருபவர்கள் வசதியான வீட்டுக்காரர்கள், கொசுக்கடி குறைவு, அதனால் புழுவும் குறைவு என்றும் சொல்லலாம். வாட்ஸ்அப் செய்தி எழுதியவர் முதல் கதையை மட்டும் எடுத்துக்கொண்டார். ஒரே சமயத்தில் எடுத்த கணக்கு, எது முதலில் வந்தது என்பதைச் சொல்லாது. அதைத் தெரிந்துகொள்ள ஒன்றை மாற்றிப் பார்க்க வேண்டும்.

அப்படி மாற்றிப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். இந்தோனேசியாவின் ஃப்ளோரஸ் தீவில் குடற்புழு நிறைந்த கிராமங்களில், ஒரு பகுதியினருக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை அல்பெண்டசோல் மாத்திரை, மற்றவர்களுக்கு மருந்தில்லாத போலி மாத்திரை என்று ஒரு வருடம் கொடுத்தார்கள். முடிவு 2017-இல் வெளியானது. ஊர் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் இன்சுலின் தடையில் மாற்றம் இல்லை. ஆனால் உண்மையிலேயே புழு இருந்து மருந்து சாப்பிட்டவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது, அவர்களுக்கு இன்சுலின் தடை சற்றே கூடியிருந்தது. புழு போனதும் உடம்பு கொஞ்சம் பூசினதும் இதற்கு ஒரு காரணம். ஆக, செய்தியில் உண்மை ஒரு துளி இருக்கிறது.

அந்தத் துளி எங்கிருந்து வருகிறது? எதிர்ப்பு சக்திக்கு இரண்டு பெரிய கிளைகள் உண்டு. அணுவுக்குள் புகும் நுண்கிருமிகளை எதிர்ப்பது ஒன்று. அது அழற்சியைக் கூட்டும் கிளை. பெரிய புழுக்களை எதிர்ப்பது மற்றொன்று. அதில் இயோசினோபில் என்ற வெள்ளை அணுக்கள் முன்னால் நிற்கும். இந்த இரண்டாம் கிளை அழற்சியைத் தணிக்கும் பக்கம் சாய்ந்தது. கொழுப்புத் திசுவுக்குள்ளும் இயோசினோபில்கள் குடியிருக்கின்றன, அவை அங்குள்ள மேக்ரோபேஜ்களைச் சாந்தமாக வைத்திருக்கின்றன என்று சான் ஃபிரான்சிஸ்கோ ஆய்வாளர்கள் 2011-இல் காட்டினார்கள். கொழுப்பு உணவு தின்ற எலிகளுக்குக் குடற்புழு தொற்றியதும் கொழுப்பில் இயோசினோபில்கள் பெருகின, சர்க்கரையும் சீரடைந்தது. புழுவின் தயவு என்று சொல்லப்படுவது இதுதான்.

எதிர்த் திசையிலும் ஒரு வியப்பு இருக்கிறது. கொழுப்பு உணவு புழுவை என்ன செய்யும்? பருமன் எதிர்ப்பைக் கெடுக்கும், புழு செழிக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகக் குழு எலிகளிடம் இதைச் சோதித்து 2023-இல் எழுதியது. சாதாரண உணவு தின்ற எலிகளிடம் நிலைத்துத் தங்கும் சாட்டைப் புழுவை, கொழுப்பு உணவு தின்ற எலிகள் வெளியேற்றிவிட்டன. அந்த உணவு எதிர்ப்பு அணுக்களின் மேல் ஒரு குறிப்பிட்ட ஏற்பியைக் கூட்டி, புழுவை எதிர்க்கும் இரண்டாம் கிளையை எழுப்பிவிட்டிருந்தது. இது எலிகளின் கதை, ஒரு வகைப் புழுவின் கதை. எண்ணெயில் பொரித்ததைத் தின்று புழுவை விரட்டலாம் என்று அடுத்த வாட்ஸ்அப் செய்தி கிளம்பாமல் இருக்க வேண்டும். ஆனால் ‘பருமன் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும்’ என்ற ஒற்றை வாக்கியம் போதாது என்பதை இந்த ஆய்வு நன்றாகக் காட்டுகிறது. பருமன் எதிர்ப்பின் போக்கை மாற்றுகிறது. அந்த மாற்றம் ஒரு ஒட்டுண்ணிக்கு இடைஞ்சலாகவும், இன்னொன்றுக்கு வசதியாகவும், மலேரியா போன்ற ஒன்றில் நோயாளிக்கே ஆபத்தாகவும் முடிகிறது.

சர்க்கரைக்காகப் புழுவை வைத்துக்கொள்ளலாமா என்று யாராவது கேட்டால், கூடாது என்று அழுத்தமாகச் சொல்வேன். முக்கியமாக ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்ற நூல்புழுவுக்காகச் சொல்கிறேன். மற்ற குடற்புழுக்களைப் போலன்றி இது உடம்புக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகப் பெருகும், பல பத்தாண்டுகள் சத்தமில்லாமல் இருக்கும். பருமனும் சர்க்கரையும் உள்ளவருக்கு ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ ஸ்டீராய்டு கொடுக்க நேர்ந்தால், அதுவரை அடங்கியிருந்த இந்தப் புழு கட்டுமீறிப் பெருகி நுரையீரல் வரை பரவி உயிரைப் பறித்துவிடலாம். பள்ளிகளில் கொடுக்கும் ஒற்றை அல்பெண்டசோல் மாத்திரை இதற்குப் போதாது. ஐவர்மெக்டின்தான் சரியான மருந்து. வயலில் வெறுங்காலோடு உழைத்து வளர்ந்தவருக்கு நீண்ட நாள் ஸ்டீராய்டு தொடங்கும் முன் இதைச் சோதித்துவிடும்படி மருத்துவரிடம் கேட்பது நல்லது.

இப்போது உங்கள் கணவருக்குத் திரும்புவோம். மருந்தின் அளவிலும் எடைக்குப் பங்கு உண்டு. தீவிர மலேரியாவுக்குப் போடும் ஆர்ட்டிசுனேட் ஊசி கிலோவுக்கு 2.4 மில்லிகிராம் என்று கணக்கிடப்படுகிறது. 97 கிலோவுக்கு ஒரு வேளைக்கு ஏறத்தாழ 233 மில்லிகிராம், அதாவது 60 மில்லிகிராம் குப்பியில் நான்கு. மாத்திரையில் இந்தக் கணக்கு வேறு. பரவலாகத் தரப்படும் ஆர்ட்டிமெத்தர்-லூமிஃபேன்ட்ரின் கூட்டு மாத்திரை 35 கிலோவுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் வேளைக்கு நான்கு, மூன்று நாளில் மொத்தம் 24. நாற்பது கிலோ பெண்ணுக்கும் அதே 24, உங்கள் கணவருக்கும் அதே 24. பெரிய உடம்புக்காரர்களுக்கு அளவு குறைந்துபோகக்கூடும், முழுதும் குணமாயிற்றா என்று பின்தொடர்ந்து பார்க்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கிறது. அந்த மாத்திரையை வெறும் வயிற்றில் போடாமல் பாலோ கொஞ்சம் கொழுப்புள்ள உணவோ சேர்த்துச் சாப்பிட்டால்தான் நன்றாக உட்கிரகிக்கும்.

மறுபடி லாகோஸ் போவதாக இருந்தால், போகும் முன்பே தடுப்பு மாத்திரையைப் பற்றியும், அங்கே நீண்ட நாள் தங்குபவருக்கு எது ஏற்றது என்பதைப் பற்றியும் மருத்துவரிடம் பேசட்டும். பூச்சிமருந்து தோய்த்த வலைக்குள் தூங்கட்டும். ஊர் திரும்பிய மூன்று மாதத்துக்குள் எந்தக் காய்ச்சல் வந்தாலும், ‘ஆப்பிரிக்காவிலிருந்து வந்தேன், சர்க்கரை உண்டு’ என்ற இரண்டையும் முதல் வார்த்தையாகச் சொல்லட்டும். மலேரியாவின்போது சர்க்கரை நோயாளிக்கும் இரத்தச் சர்க்கரை திடீரென்று அபாயகரமாகத் தாழலாம். கிருமியும் குளுக்கோஸைத் தின்னும், கல்லீரலும் உற்பத்தியைக் குறைக்கும். குயினைன் கொடுத்தால் அது இன்சுலினையும் தூண்டும். ஆகவே காய்ச்சலில் சாப்பிடாமல் இருக்கும்போது, வழக்கமான சர்க்கரை மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் தொடர வேண்டாம்.

இன்னும் ஒன்று, இதைப் பலரும் சொல்வதில்லை. அடுத்த மாதம் அவருக்கு ‘மூன்று மாதச் சர்க்கரை’ பரிசோதனை எடுத்தால் எண் வழக்கத்தைவிட நன்றாகக் குறைந்து வரக்கூடும். அது சிவப்பணுக்களில் படிந்த சர்க்கரையை அளக்கும் சோதனை. மலேரியாவில் பழைய சிவப்பணுக்கள் பெருமளவில் அழிந்து, சர்க்கரை இன்னும் படியாத புதிய அணுக்கள் வந்திருக்கும். அந்த எண்ணை நம்பி மாத்திரையைக் குறைத்துவிடாதீர்கள். இரண்டு மூன்று மாதங்கள் வரை சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் எடுக்கும் சாதாரண இரத்தப் பரிசோதனையையே நம்புங்கள்.